பக்கத்து ஊரில் வரி குறைவா? எதை எதோடு ஒப்பிடுவது?



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் பேசி முடித்து, டீ வருகிற நேரத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. நம் உறுப்பினர்களில் இரண்டு பேர் கூடப் பிறந்தவர்கள். அக்காவை ஒரு ஊராட்சியிலும் தங்கச்சியை அடுத்த ஊராட்சியிலும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடன் விண்ணப்பத்தோடு வைப்பதற்காக இருவருமே வீட்டு வரி ரசீது கொண்டு வந்திருந்தார்கள். அக்கா ரசீதில் 132 ரூபாய். தங்கச்சி ரசீதில் 88 ரூபாய்.

"நடுவுல ஒரு வாய்க்கா தான். இந்தக் கரைக்கு ஒரு வரி, அந்தக் கரைக்கு ஒரு வரியா?" என்று அக்கா கேட்க, கூட்டம் சூடாகிவிட்டது. வரியைக் குறைக்கிற வரைக்கும் அந்த ஊராட்சியில் நம் குழுக்காரர்கள் யாரும் வரி கட்டக் கூடாது, தீர்மான நோட்டில் எழுதுங்கள் என்று நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள்.

அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சிரித்தார். அவர் மகள் கல்யாணமாகி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்ற ஊரில் இருக்கிறார். "நீங்க 44 ரூபாய்க்கு மல்லுக்கட்டுறீங்க. என் மக வாங்கப் போற வீட்டுக்கு வருஷத்துக்கு நாலரை லட்சம் வரி வருமாம். பக்கத்து கவுண்டியில வீதம் கம்மின்னு புரோக்கர் சொல்றாராம். அங்க வாங்கலாமாம்மான்னு என்னைக் கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

எங்களுக்கும் அன்று பதில் தெரியவில்லை. தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளி வையுங்கள், படித்துப் பார்த்துச் செய்தி மடலில் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். படிக்கப் படிக்க, டெக்சாஸ் அம்மாவின் கேள்வியும் வாய்க்கால் கரைக் கேள்வியும் ஒரே கேள்விதான் என்று தெரிந்தது. முதலில் டெக்சாஸ் கதை.

கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல கவுண்டிகள் நம் மாவட்டத்தைவிட ரொம்பச் சின்னவை. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். டெக்சாஸில் 254 கவுண்டிகள். சம்பளத்தின் மேல் மாநில வருமான வரி அங்கே கிடையாது. வீடு நிலத்தின் மேலும் மாநில அரசு வரி போடுவதில்லை. அந்த வரியைப் போடுவது, வாங்குவது, செலவழிப்பது எல்லாம் உள்ளூர் அமைப்புகள்தான். பள்ளிக்கூடம், சாலை, மருத்துவமனை, போலீஸ் எல்லாம் பெருமளவு இதில்தான் நடக்கிறது. அதனால்தான் தொகை அவ்வளவு பெரிசு.

புரோக்கர் சொல்வது கவுண்டி வீதம். ஆனால் ஒரு வீட்டுக்கு வருகிற வரிச் சீட்டில் கவுண்டி என்பது ஒரு வரி மட்டும்தான். அதற்குக் கீழே நகராட்சிக்கு ஒரு வீதம், பள்ளி மாவட்டத்துக்கு ஒரு வீதம், அரசு மருத்துவமனைக்கு ஒரு வீதம், கல்லூரிக்கு ஒரு வீதம் என்று அடுக்கடுக்காக இருக்கும். எல்லாமே 100 டாலர் மதிப்புக்கு இத்தனை என்ற கணக்கு. இதில் பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குப் போவதுதான் பெரிய தொகை. ஒரே கவுண்டிக்குள்ளேயே பல பள்ளி மாவட்டங்கள் இருக்கும். ஆகவே தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு மொத்தம், அந்தப் பக்கம் ஒரு மொத்தம் வரலாம். நம் வாய்க்கால் மாதிரியேதான்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நகர எல்லைக்கு வெளியே புதிதாகப் போடும் மனைப்பிரிவுகளில் குடிநீர், சாக்கடை வசதிக்கென்று தனியாக ஒரு தண்ணீர் மாவட்டம் அமைப்பார்கள். குழாய் பதிக்கக் கடன் வாங்கி, அந்தக் கடனை அங்கே வீடு வாங்குகிறவர்களிடம் வரியாக வசூலிப்பார்கள். கவுண்டி வீதம் குறைவு, நகராட்சி வரியே இல்லை என்று போனவர்கள் இந்த வரியைச் சேர்த்துப் பார்த்தால் பழைய இடத்தைவிட அதிகமாக வருவதும் உண்டு. அதனால் கவுண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது. வீட்டு முகவரியைச் சொல்லி, "இந்த முகவரிக்கு எல்லா அமைப்பும் சேர்த்து மொத்த வீதம் என்ன?" என்று கேட்க வேண்டும்.

சரி, மொத்த வீதம் தெரிந்துவிட்டது. வீதம் குறைந்த ஊர்தான் நல்ல ஊரா? இங்கேதான் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். ஏனென்றால், அந்த அம்மாவின் மகள் இருக்கிற அதே சான் அன்டோனியோவில் இந்தக் கேள்வி ஒரு பெரிய வழக்காகவே நடந்திருக்கிறது.

முதலில் நம்ம கணக்கில் பார்ப்போம். இரண்டு ஊர், ஊருக்குப் பத்து வீடு. முதல் ஊரில் ஒவ்வொரு வீடும் 1 லட்சம் பெறும். இரண்டாவது ஊரில் ஒவ்வொன்றும் 8 லட்சம் பெறும். முதல் ஊரில் நூற்றுக்கு 2 ரூபாய் வரி போட்டால் 20,000 ரூபாய் கிடைக்கும். இரண்டாவது ஊரில் அதில் பாதி, நூற்றுக்கு 1 ரூபாய்தான் போடுகிறார்கள். ஆனால் கிடைப்பது 80,000. பாதி வீதம், நாலு மடங்கு பணம். ஏழை ஊர் அதிகம் கசக்கிப் பிழிந்தும் கைக்கு வருவது கொஞ்சம்.

சான் அன்டோனியோ இருப்பது பெக்சார் கவுண்டியில். 1967-68இல் அந்தக் கவுண்டிக்குள் எட்ஜ்வுட் என்று ஒரு பள்ளி மாவட்டம். மெக்சிகோ வழி வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி. அதே ஊரில் வசதியானவர்கள் வாழ்ந்த ஆலமோ ஹைட்ஸ் இன்னொரு பள்ளி மாவட்டம். எட்ஜ்வுட்டில் 100 டாலருக்கு 1 டாலர் 5 சென்ட் வரி. அந்த நகரப் பகுதியிலேயே அதுதான் உச்சம். ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய பங்கு போக, ஒரு பிள்ளைக்கு எட்ஜ்வுட்டால் திரட்ட முடிந்தது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸுக்கோ 333 டாலர்! காரணம், ஒரு மாணவருக்கு இத்தனை சொத்து என்று வகுத்தால் எட்ஜ்வுட்டில் 5,960 டாலர், ஆலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல். மாநில அரசு, மத்திய அரசு பணமெல்லாம் சேர்த்த பிறகும் 356க்கு 594 என்று இடைவெளி நின்றது.

அதிக வரி கட்டியது எட்ஜ்வுட் தாய் தகப்பன்மார்கள். பள்ளிக்கூடத்தில் உடைந்த ஜன்னலும் தகுதியில்லாத ஆசிரியர்களும் கிடைத்ததும் அவர்கள் பிள்ளைகளுக்கே. 1968 மே மாதம் பிள்ளைகளே வகுப்பை விட்டு வெளியே வந்து ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகுதான் பெற்றோர்கள் கூடிக் கணக்கைப் பார்த்தார்கள். தகரத் தொழிலாளியான டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்பவரும் மற்றப் பெற்றோர்களும் அதே வருடம் வழக்குப் போட்டார்கள். 1971இல் கீழ் நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நாலு பேர் இன்னொரு பக்கம். ஒரே ஒரு ஓட்டு!

ஆனாலும் அவர்கள் விடவில்லை. 1984இல் மாநில நீதிமன்றத்தில் மறுபடி வழக்கு. 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, இந்த முறை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சொன்னது. 1993இல் வந்த சட்டப்படி சொத்து மிகுந்த பள்ளி மாவட்டங்களின் பணத்தில் ஒரு பகுதி மற்றவர்களுக்குப் போகிறது. அங்கே அதை "ராபின் ஹூட்" என்று கூப்பிடுகிறார்கள். பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்த கதைக்காரனின் பெயர். முதல் ஊர்வலத்திலிருந்து 25 வருடம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. அதே டெக்சாஸில் லவிங் என்று ஒரு கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 64 பேர். நம் ஒரு கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வருகிற கூட்டம்கூட இல்லை. ஆனால் பூமிக்கடியில் எண்ணெய். வரியில் பெரும்பங்கு எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்திலிருந்து வந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தின் வீதத்தையும் கூலிக்காரர்கள் வாழும் கவுண்டியின் வீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அங்க பாரு எவ்வளவு சிக்கனமா நடத்துறாங்க" என்று சொன்னால் அது நியாயமா?

இனி வீட்டின் மதிப்பு. டெக்சாஸில் ஜனவரி 1 அன்று வீடு என்ன விலை பெறும் என்று ஒரு தனி அலுவலகம் மதிப்புப் போடுகிறது. வீதத்தை ஒரு பைசா கூட்டாமல், மதிப்பைக் கூட்டினாலே வரி ஏறிவிடும். மதிப்புச் சீட்டு தபாலில் வந்ததும் அது தப்பு என்று நினைத்தால் ஆட்சேபம் கொடுக்கலாம். பொதுவாக மே 15, இல்லையென்றால் சீட்டு அனுப்பிய 30 நாள், இரண்டில் எது பிந்தையதோ அதுவரை. சுவர் விரிசல், ஒழுகும் கூரை, தப்பாக எழுதிய பரப்பளவு எல்லாம் காரணமாகக் காட்டலாம். மேலே விசாரிக்க உள்ளூர் மக்களைக் கொண்ட ஒரு குழுவும் இருக்கிறது.

பழைய சொந்தக்காரரின் வரி ரசீதைக் காட்டி வீட்டை விற்கிறவர்களிடம் மட்டும் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு, வரி போடும் மதிப்பு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற தடுப்பு உண்டு. 65 வயதானவர்களுக்குப் பள்ளி வரி அந்த அளவிலேயே நின்றுவிடும். வீடு கை மாறினால் இந்தச் சலுகையெல்லாம் பழையவரோடு போய்விடும். ஒரு தாத்தா கட்டிய வரியை நம்பி வாங்கினால், அடுத்த வருடம் வருகிற சீட்டைப் பார்த்துத் தலை சுற்றும்.

கலிபோர்னியா மாநிலத்தில் இது இன்னும் கூத்து. அங்கே 1978இல் மக்கள் ஓட்டுப் போட்டு அடிப்படை வீதத்தை மாநிலம் முழுக்க நூற்றுக்கு ஒன்று என்று கட்டிவிட்டார்கள். வீட்டின் மதிப்பும் வாங்கிய விலையிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அப்படியானால் எல்லா கவுண்டியிலும் ஏறக்குறைய ஒரே வரி, சண்டையே இல்லை என்று தோன்றும். ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் என்ற பெண் 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சின்ன வீடு வாங்கினார். வந்த வரி சுமார் 1,700 டாலர். அதே தெருப் பக்கத்தில் அதே மாதிரி வீட்டில் 1970களிலிருந்து இருப்பவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீதம் ஒன்று, வீடும் ஒன்று போல, வரி மட்டும் ஐந்து மடங்கு! அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1992இல் தோற்றார். பழைய ஆட்கள் வரி ஏறி வீட்டை விட்டுப் போகாமல் காப்பாற்றுவது மாநிலத்தின் உரிமை என்று தீர்ப்பு. வயதான விதவைகளை நினைத்தால் அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாகக் குடித்தனம் வைக்கும் சின்னப் பெண்களை நினைத்தால் மனம் ஒப்பவில்லை. எங்கள் அலுவலகத்திலேயே இதில் இரண்டு கட்சி.

டெக்சாஸ் மகளுக்கு ஒரு முக்கியமான செய்தி. குடியிருக்கும் சொந்த வீட்டுக்குப் பள்ளி வரியில் ஒரு கழிவு உண்டு. 2023இல் அது 1,00,000 டாலராக இருந்தது. 2025 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு 1,40,000 ஆக்கினார்கள். அதாவது வீடு 3,00,000 டாலர் பெறும் என்றால் பள்ளி வரி 1,60,000க்கு மட்டும்தான். 65 வயதானவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் இன்னும் 60,000 டாலர் கூடுதல் கழிவு. ஆனால் இது தானாக வராது, மனு கொடுத்தால்தான் வரும். மனுவுக்குக் கட்டணமும் இல்லை. கணவர் 65 தாண்டிச் சலுகை வாங்கிய பின் இறந்து போனால், மனைவிக்கு அப்போது 55 வயதாகியிருந்தால் பள்ளி வரி ஏறாத அந்தச் சலுகை அவருக்குத் தொடரும். அதற்கும் எழுதிக் கேட்க வேண்டும். வரி கட்டக் கடைசி நாள் ஜனவரி 31. பிந்தினால் அபராதம், வட்டி. ரொம்ப நாள் விட்டுவிட்டால் வீடே ஏலத்துக்கு வந்துவிடும்.

இப்போது நம்ம வாய்க்காலுக்கு வருவோம்.

நம் ஊராட்சிகளுக்கு வீட்டு வரி போடும் அதிகாரம் 1994ஆம் வருட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இருந்து வருகிறது. அரசு வகுத்த விதிகளுக்கு உட்பட்டு ஊராட்சி வரியை நிர்ணயிக்கிறது. வீட்டின் பரப்பளவு என்ன, கூரை ஓலையா, ஓடா, கான்கிரீட்டா என்பதெல்லாம் கணக்கில் வரும். வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேரும். அக்காவின் 132 ரூபாயில் 12 ரூபாயும் தங்கச்சியின் 88 ரூபாயில் 8 ரூபாயும் நூலகத்துக்கு. ஆக உண்மையான வீட்டு வரி 120, 80.

இரண்டு வீட்டையும் நேரில் போய்ப் பார்த்தோம். அக்கா வீடு கான்கிரீட் தளம். தங்கச்சி வீடு ஓடு. அப்புறம் ரெண்டும் எப்படி ஒண்ணாக இருக்கும்? இது தெரிந்ததும் தங்கச்சி "அப்பவே சொன்னேனே" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அக்காவும் விடவில்லை. "எங்க வீட்டு அளவு என்னன்னு எழுதியிருக்காங்கன்னு பாருங்க" என்றார். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுப் பதிவேட்டைப் பார்த்தோம். பின்பக்கம் இருந்து, மழையில் விழுந்து, நாலு வருடத்துக்கு முன்னாலேயே பிரித்துப் போட்ட சமையல்கட்டும் அந்த அளவில் சேர்ந்திருக்கிறது! இல்லாத சமையல்கட்டுக்கு அக்கா நாலு வருடமாக வரி கட்டி வந்திருக்கிறார். வீதத்தில் தப்பு இல்லை. அளவில்தான் தப்பு. அலுவலகத்தில் இருந்தவர் முகம் சுளிக்காமல், "மனு எழுதிக் குடுங்கம்மா, வந்து அளந்து திருத்திடலாம்" என்றார்.

வரி கட்டக் கூடாது என்ற தீர்மானத்தைப் பற்றி எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். தெரு விளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று நாம் மனு கொண்டு போகிற அதே அலுவலகத்தின் சொந்த வருமானம் இந்த வீட்டு வரிதான். மேலிருந்து வரும் நிதி எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று பல சமயம் எழுதியே வரும். உள்ளூரில் வசூலாகிற காசு அப்படி இல்லை. கட்டாமல் இருந்தால் நிலுவை நம் பெயரில்தான் ஏறும். நாளைக்கு ஏதாவது சான்றுக்குப் போய் நின்றால் "பாக்கி இருக்கே" என்பார்கள். கட்டிவிட்டு, ரசீதை வைத்துக்கொண்டு கணக்குக் கேட்பது நமக்குப் பலம்.

ரசீதைப் பற்றி ஒரு விஷயம். வீட்டு வரி ரசீது என் பெயரில் இருக்கிறது, அதனால் வீடு என்னுடையது என்று பல உறுப்பினர்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. அது வரி கட்டியதற்கு ஆதாரம். சொத்துக்கு ஆதாரம் பத்திரமும் பட்டாவும்தான். கணவர் காலமான பிறகு வரி ரசீதில் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு, வாரிசுச் சான்றும் பட்டா மாற்றமும் செய்யாமல் விட்ட அக்காமார்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊக்குநரிடம் சொல்லுங்கள், சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

ஊராட்சியோடு ஊராட்சியை ஒப்பிடவே கூடாதா என்றால், தாராளமாக ஒப்பிடலாம். ஒரே மாதிரிக் கூரை, ஒரே அளவு உள்ள இரண்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு ஊராட்சியிலும் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் மில்லும் கல்யாண மண்டபமும் உள்ள ஊராட்சிக்கும், உள்ளே தள்ளி ஓட்டு வீடும் குடிசையுமாக இருக்கிற ஊராட்சிக்கும் ஒரே வீதம் போட்டாலும் ஒரே வருமானம் வராது. எட்ஜ்வுட் பெற்றோர்கள் பார்த்த கணக்கு இதுதான். பெரிய கட்டடங்களுக்கு ஒழுங்காக வரி போட்டிருக்கிறார்களா, அல்லது நாலு வருடமாக அவர்கள் பெயரில் நிலுவையா என்பதையும் அதே இடத்தில் கேட்கலாம். இதைத்தான் அக்கா முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தங்கச்சி சொல்கிறார்!

கேட்கிற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு நாள். 100 ரூபாய் உட்கடனுக்கு வட்டிக் கணக்கைத் தலைகீழாகச் சொல்லும் நம் உறுப்பினர்களுக்கு ஊராட்சிக் கணக்குப் புரியாமல் போகாது.

அக்கா மனு கொடுத்துவிட்டார். அளக்க இன்னும் ஆள் வரவில்லை. குழுப் பெண்களே டேப் பிடித்து அளந்து, சமையல்கட்டு இல்லாமல் எத்தனை சதுர அடி என்று தீர்மான நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். டெக்சாஸ் அம்மா போனில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். மகள் பார்த்த அந்தப் பக்கத்து கவுண்டி வீடு தண்ணீர் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறதாம். மருமகன் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்கிறாராம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவிலிருந்தும் மூன்று வீட்டு வரி ரசீது கொண்டு வாருங்கள். கூரை என்ன, அளவு என்ன என்று ரசீதின் பின்னால் பென்சிலில் குறித்து வாருங்கள். அளக்கும் டேப் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒன்று இருக்கிறது. வேண்டியவர்கள் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம்.